எடைக்கு முன்னால்

கடைக்கு வருகிற மனிதர்களை அவள் இரண்டே ரகமாகத்தான் பிரித்து வைத்திருந்தாள். எடை போட்ட பிறகு தின்கிறவர்கள் ஒரு ரகம், எடை போடும் முன்பே தின்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தோடு அவளுக்கு எந்தத் தகராறும் கிடையாது. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காலி உறையை பில் கவுண்டரில் நீட்டுகிறவர்களைக்கூட அவள் இந்த ரகத்தில் சேர்த்துக்கொள்வாள். உறையில் பார்கோடு இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் என்ன இருந்தது என்று அது சொல்லிவிடும். எடைக்கு விற்கிற சாமானுக்கு அந்த வசதி இல்லை. பத்துத் திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு மிச்சக் கொத்தைத் தராசில் வைத்தால், தராசு மிச்சத்தைத்தான் சொல்லும். வயிற்றுக்குள் போனதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அந்தக் கவலையைப் பட அவளை வைத்திருந்தார்கள்.

அந்தப் பெரிய மளிகைக் கடையில் பதினான்கு வருஷமாக உதிரிச் சாமான் பிரிவு அவள் பொறுப்பு. பழம், கடலை, முந்திரி, திராட்சை, பேரீச்சம்பழம் எல்லாம் திறந்த தொட்டிகளில் கிடக்கும். வேண்டியதை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அவளிடம் வர வேண்டும். அவள் எடை போட்டுச் சீட்டு ஒட்டிக் கொடுப்பாள். அதனால் கடையில் எல்லோருக்கும் அவள் தராசக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

தின்கிற விஷயத்தில் அவளுக்கென்று சட்டங்கள் இருந்தன. திராட்சையில் ஒன்று எடுத்துப் பார்க்கலாம். கடலையில் இரண்டு. முந்திரி வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்டால் அவளே ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைப்பாள். கேட்காமல் கை நீண்டால், அள்ளுகிற கரண்டியால் தொட்டியின் விளிம்பில் ணங்கென்று ஒரு தட்டு. புளிக்குதா இனிக்குதா பார்க்கிறேன் என்று ஒரே கொத்தில் ஏழு தடவை பார்ப்பவர்களிடம், ஒரே கொடியில் ஒன்று இனித்து ஒன்று புளிக்க அது என்ன உங்கள் வீட்டு மாமியார் மருமகளா என்று கேட்பாள். கேட்டவர்கள் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் மேனேஜரிடம் போவார்கள்.

வாழைப்பழத்துக்குத் தனி முறை. பிள்ளை அழுதது என்று ஒரு பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுத் தோலோடு வந்து நிற்கிற தாய்மாரை அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். தோலைத் தராசில் வைத்து, வந்த எடையை மூன்றால் பெருக்கிச் சீட்டு ஒட்டுவாள். இதற்காகவே ஒரு டஜன் பழத்தைச் சொந்தக் காசில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், தனித்தனியாக உரித்து எடை பார்த்தவள் அவள். அன்றைக்குப் புருஷனும் மகளும் வாழைப்பழத்தைத் தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை. ஆரஞ்சுத் தோல் என்றால் நாலால் பெருக்க வேண்டும். பேரீச்சங்கொட்டை என்றால் பத்தால். கடைக்கு வந்த மேனேஜர்கள் ஆறு பேரும் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சிரித்தாலும் மாற்றச் சொன்னதில்லை, ஏனென்றால் அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பாகப் போனதில்லை.

இவ்வளவு சட்டம் பேசுகிறவள் பதினான்கு வருஷத்தில் ஒரு திராட்சையைக்கூட அந்தக் கடையில் வாயில் போட்டதில்லை. மத்தியானம் ஒரு மணி வரை பசியில் வயிறு இழுக்கும். கைக்கெட்டும் தூரத்தில் முந்திரி குவிந்து கிடக்கும். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்பாள். அவளுக்கு அதில் பெருமை இருந்தது, வெளியே சொல்லிக்கொள்ளாத பெருமை.

அதனால்தான் இந்த ஆறாவது மேனேஜர், அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், ஒரு காலையில் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்கு முதலில் காது அடைத்துவிட்டது. உதிரிப் பிரிவில் இரண்டு மாதமாகச் சரக்குக் குறைகிறதாம். விற்ற கணக்கிலும் வரவில்லை, தொட்டியிலும் இல்லை. மூன்றாவது மாதமும் இப்படியே போனால் தலைமை அலுவலகம் பிரிவு ஆளைத்தான் கேட்கும். இதையெல்லாம் மேசையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு, அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க சாப்பிடறீங்களா?"

அவள் இல்லை என்றாள். எழுந்து வந்து தன் தராசுக்குப் பின்னால் நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் எடை போட்டுக் கொடுத்தாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள், வேறொரு வாயிலிருந்து.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது வீட்டு அலமாரியில் ஒரு தகர டப்பா இருந்தது. பிஸ்கட்டும் உலர்ந்த திராட்சையும் அதில் இருக்கும். அம்மா வேலைக்குப் போகிறவள். டப்பாவை மகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள், ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டியது மகள் வேலை. சாயங்காலம் அம்மா திரும்பி வந்து திறந்து பார்த்தால் டப்பா பாதிதான் இருக்கும். நீ தின்னியா என்று கேட்பாள். இல்லை என்றால் ஓர் அறை, பொய் சொன்னதற்கு இன்னோர் அறை. தின்றது யாரென்று மகளுக்குத் தெரியும். அவளைவிட மூன்று வயது பெரிய அண்ணன், கட்டில் மேல் ஸ்டூல் போட்டு ஏறி எடுப்பான். அண்ணனைக் காட்டிக் கொடுக்கிறவள் என்ற பெயர் வேண்டாம் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மா தானாகவே ஒருநாள் கண்டுபிடிப்பாள், நீ திங்கலை என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள். டப்பா துருப்பிடித்து வெளியே போனது, அந்த வார்த்தை வரவில்லை.

இப்போது அந்த அண்ணனுக்கு ஐம்பது. வீடு, மனை வாங்கி விற்கிற தரகு வேலை. சாயங்காலமானால் தங்கை வேலை பார்க்கிற கடைக்கு வந்துவிடுவார். ஒருநாள் வராவிட்டால் பில் கவுண்டர் பெண்கள் விசாரிக்கிற அளவுக்கு அது வழக்கம். கடைக்குள் நுழைந்ததும் அரிசி மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் செருப்போடு ஏறி நிற்பார். உடம்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி வருஷங்களாகிறது. எண்பத்திரண்டு நானூறு, எண்பத்திரண்டு ஐந்நூறு என்று சிவப்பு எண்களை ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்துவிட்டு, இன்றைக்கு இளைத்திருக்கிறேன் என்றோ, செருப்பு கனம் என்றோ ஒரு தீர்ப்புச் சொல்லி இறங்குவார். பிறகு நேராக உதிரிப் பிரிவு. முதலில் திராட்சை. பேச்சு வாக்கில் முந்திரி. யாராவது தெரிந்தவர் கிடைத்தால் பேச்சு நீளும், கையும் நீளும். கடைசியில் குளிர்பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பாட்டில் பழச்சாறு. குடித்த பாட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போகும். போகும்போது மனசாட்சிக்காக ஒரு தீப்பெட்டி வாங்குவார். கடைக்காரர்கள் அவரை ருசி சார் என்பார்கள். அவர் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்.

கடையில் கேமரா இல்லாமலில்லை. ஒன்று வாசலைப் பார்த்தது, ஒன்று பில் கவுண்டரைப் பார்த்தது. தொட்டிகளைப் பார்க்கத்தான் தராசக்கா இருந்தாள். தராசக்கா எட்டு வருஷமாகப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றிரண்டு தடவை ஜாடையாகச் சொன்னாள். என் தங்கச்சி கடையில் நான் நாலு முந்திரி தின்னக்கூடாதா என்று அவர் அதையும் சிரிப்பாக்கிவிட்டார். அது அவள் கடை இல்லை. அங்கே அவளுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. இருந்தும் அவர் போன பிறகு மூட்டைக்குப் பின்னால் கைவிட்டுக் காலிப் பாட்டிலை எடுத்துக் குப்பையில் போட்டது அவள்தான். கடைக்கு அவமானம் என்று போடவில்லை, தன் வீட்டுக்கு அவமானம் என்று போட்டாள்.

இந்த வருஷம் அவருக்குத் தொழில் படுத்துவிட்டது. பேச நேரம் நிறையக் கிடைத்தது, கடையில் இருக்கிற நேரமும் கூடியது. சரக்குக் குறைந்தது அதனால்தான்.

மேனேஜர் அந்தக் கேள்வியைக் கேட்டு மூன்று நாள் இருக்கும். சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். ருசி சார் வழக்கம்போல வந்து, மூட்டைத் தராசில் ஏறி, எண்பத்திரண்டு நானூறு என்று அறிவித்துவிட்டு, உள்ளே போயிருந்தார். அரைமணி நேரம் கழிந்திருக்கும். பேரீச்சம்பழத் தொட்டிக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்ததைத் தராசக்கா பார்த்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப்போகிற ஆயா. நீல உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். அவள் கன்னம் அசைந்தது. கை மூடியிருந்தது.

மூன்று நாளாகத் தொண்டையில் நின்றிருந்த அத்தனையும் அந்தப் பெண்மேல் போய் விழுந்தது. வாய்ல என்ன என்று தராசக்கா கத்தினாள். கடையே திரும்பிப் பார்த்தது. உங்களை மாதிரி ஆளுங்களால்தான் எங்க பிழைப்பு போகுது என்றாள், கையைத் திற என்றாள், இன்னும் என்னென்னவோ சொன்னாள். அந்தப் பெண் அவசரமாக விழுங்கப் பார்த்துப் புரையேறி, கண்ணில் நீரோடு கையை விரித்தாள். உள்ளங்கையில் இரண்டு கொட்டைகள் இருந்தன.

"உங்ககிட்ட காட்டத்தாங்க வச்சிருந்தேன். கொட்டைய வச்சு நீங்க எடை போடுவீங்கன்னு சொன்னாங்க. காலைலேர்ந்து சாப்பிட நேரமில்ல."

பதினான்கு வருஷத்தில் தராசக்காவின் சட்டத்தை இவ்வளவு ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்த ஆள் வேறு யாருமில்லை. அவள் கையை நீட்டிக் கொட்டைகளை வாங்கியபோது, பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. பெருந்தன்மையான குரல்.

"விடும்மா, ரெண்டு பழம்தானே. பாவம், பசிச்சிருக்கும். இதுக்குப்போய்க் கத்துவாங்களா?"

அவர் வாய் நிறைய முந்திரி இருந்தது. பேசப் பேசச் சட்டையில் தூள் விழுந்தது. அந்தத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே அவர் அந்த ஆயாவைப் பார்த்து, நீங்க போங்கம்மா, நான் சொல்லிக்கறேன் என்று வேறு சொன்னார்.

தராசக்காவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஆனால் குரல் உயரவில்லை. அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். பிடித்து, கூட்டத்துக்கு நடுவே, தொட்டிகளைத் தாண்டி, அரிசி மூட்டைகள் வரை கூட்டிக்கொண்டு போனாள். ஏதோ குடும்ப விஷயம் பேசத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

"ஏறுங்கண்ணே."

"இப்பத்தானே ஏறினேன்?"

"அதனாலதான் சொல்றேன். ஏறுங்க."

ஏறினார். ஏறாவிட்டால் அசிங்கம், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. எண்பத்து மூன்று ஐம்பது. தினமும் அவர் வாசிப்பதை இன்றைக்கு அவள் வாசித்தாள், அவர் வாசிக்கிற அதே சத்தத்தில்.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தண்ணீர் குடித்தேன் என்றார். கடையில் குடிதண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாள். மூட்டைக்குப் பின்னால் கைவிட்டு, இன்னும் குளிர்ச்சி போகாத காலிப் பாட்டிலை எடுத்து மூட்டை மேல் வைத்தாள். பிறகு தன் தராசுக்குப் போய், கரண்டி கரண்டியாக முந்திரியை அள்ளிப் போட்டாள். அறுநூற்றைம்பது கிராம் வருகிற வரைக்கும் போட்டாள். அது ஒரு பெரிய குவியலாக நின்றது. வந்த சீட்டைக் கிழித்தாள், திரும்பி வந்தாள், அண்ணன் சட்டைப்பைமேல் அதை ஒட்டி, உள்ளங்கையால் நன்றாக அழுத்தினாள். திராட்சை எது, முந்திரி எது, சாறு எது என்று என்னால் பிரிக்க முடியாது, எல்லாவற்றையும் முந்திரி விலைக்கே போட்டிருக்கிறேன் என்றாள்.

பில் கவுண்டரில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் சீட்டைப் பிய்த்தார், பாதிதான் வந்தது. கூடப்பிறந்தவளா நீ என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத் தீப்பெட்டி வாங்கவில்லை. தராசக்கா திரும்பிப் பார்த்தபோது அந்த ஆயாவும் இல்லை. இரண்டு பழத்துக்கான சில்லறை தராசின் மேல் இருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் மேசையில் ஒரு புகார் இருந்தது. வாடிக்கையாளரை மூட்டைத் தராசில் ஏற்றி அவமானப்படுத்தினார் என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். தங்கை என்ற சொல் எங்கும் இல்லை. மேனேஜர் குடியிருக்கிற வீட்டைப் பிடித்துக் கொடுத்ததே அண்ணன்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேனேஜர் கெட்டவன் இல்லை. பிரச்சினை எதுவும் தன் மேசையைத் தாண்டி மேலே போகக்கூடாது என்பதுதான் அவன் கவலையெல்லாம். அவன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். அவள் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினால் ருசி சார் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வார், அவன் பேசிவிட்டான். சரக்குக் குறைந்ததற்கு, வேலை நேரத்தில் பசிக்கு அவ்வப்போது எடுத்துச் சாப்பிட்டேன் என்று ஒரு வரி அவளே எழுதிவிட வேண்டியது. ஆறு மாதம் சோப்புப் பிரிவில் இருக்கலாம். வேலை போகாது. அவன் பார்த்துக்கொள்வான்.

தின்னது நானில்லை என்றாள்.

"அப்ப யார்னு எழுதணும்க்கா. எழுதினா மேல போகும். எவ்வளவு நாளாத் தெரியும்னு கேப்பாங்க. தெரிஞ்சும் சொல்லாதவங்கள வச்சுக்க மாட்டாங்க. நாளைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் புருஷனுக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. மழைக்காலத்தில் வேலை இருக்காது, அது மழைக்காலம். மகளுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. யோசிக்க இதில் என்ன இருக்கிறது, ஒரு வரிதானே என்றுதான் யாரும் சொல்வார்கள். அவளே தனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். சோப்பை யாரும் தின்னமாட்டார்கள், நிம்மதியாக இருக்கலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தாள்.

மத்தியானம் அம்மா போன் செய்து வரச் சொன்னாள். அம்மா அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அவள் போனபோது அண்ணன் இல்லை, அல்லது உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயதிலும் மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. அண்ணன் நேற்று சாப்பிடவில்லை என்றாள். சபையில் வைத்து அவனை மூட்டை மாதிரி நிறுத்தாயாமே என்றாள். என்ன கேட்கிறார்களோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, வேலை இருக்கிறதென்றால் போதாதா, ஒரு வரியில் என்ன குறைந்துவிடப் போகிறாய் என்றாள். நாற்பது வருஷமாக மகள் வாய்க்குள் இருந்த கேள்வி தானாக வெளியே வந்தது.

"அந்தத் தகர டப்பா ஞாபகம் இருக்காம்மா? அதத் தின்னது யார்னு உனக்குத் தெரியுமா?"

அம்மா ஒரு சட்டையை உதறிக் கையை மடக்கினாள்.

"தெரியாம என்ன. அவன் நிக்கர் பை பூராவும் தூளா இருக்கும். துவைக்கிறவ நான்தானே."

"அப்பவே தெரியுமா?"

"அப்பவேதான்."

"அப்புறம் என்னை ஏன் அடிச்சே?"

அம்மாவுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. பிள்ளையைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"அவன அடிச்சா மூணு நாளைக்குச் சோறு திங்க மாட்டான், மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். யாரையாவது அடிச்சாத்தான் அவனுக்கும் பயம் இருக்கும். நீ அடிச்சாலும் எழுந்து பாத்திரம் தேய்ப்பே. நீ தாங்குவே."

தராசக்காவுக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. டப்பாவை நினைத்துத்தான் கோபம் வந்தது, அம்மாமேல்தான் வந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது இரண்டு கொட்டைகளோடு விரிந்த அந்த ஆயாவின் கை. நேற்று கடையில் தின்றுகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். யார்மேல் கத்துவது என்று அவளும் ஒரு நொடியில் கணக்குப் போட்டாள். தாங்குகிறவளாகப் பார்த்துத்தான் அவளும் கத்தினாள். அந்த அம்மா பெற்ற மகள் வேறெப்படி இருப்பாள். அவளுக்குத் தன்மேல் வந்த கோபம் அண்ணன்மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

மடித்த துணிகளில் ஒன்று அண்ணனின் அந்தச் சட்டை. பைமேல் பாதி பிய்ந்த சீட்டின் பசை, துவைத்தும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அம்மா சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொன்னது தெருவரைக்கும் கேட்டது.

நாளை வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் கடைக்குப் போய், மேனேஜர் அறையில் ஒரு தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினாள். உதிரிப் பிரிவில் குறைந்ததைத் தின்றது என் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும், சொல்லாதது என் தப்பு. அதற்குப் பதிலாக ஒரு பாவமும் செய்யாத பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டினேன், அதுவும் என் தப்பு. நான் தின்னவில்லை.

மேனேஜர் இரண்டு தடவை படித்தான். இப்படி எழுதினால் வேலை போய்விடும் என்று மறுபடியும் சொன்னான். தெரியும் என்றாள். அவன் பேனாவால் தாளின் கீழ்ப் பகுதியைத் தொட்டுக் காட்டினான்.

"கடைசி வரி வேணாமேக்கா. மேல எழுதினதப் பார்த்தாலே அது புரிஞ்சிடுது."

"அந்த ஒரு வரிக்காகத்தான் சார் மத்ததெல்லாம் எழுதினேன்."

நகல் எடுத்து, அதில் கடை முத்திரை குத்தி, அவன் கையெழுத்தையும் போட்டுத் தரச் சொன்னாள். தலைமை அலுவலகத்துக்குக் கேட்காமல் எப்படி என்று அவன் இழுத்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கால்மணி நேரத்தில் முத்திரை விழுந்தது. மையில் எழுத்து கொஞ்சம் இழுசியிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. அவள் அதை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

கடை கொடுத்த மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தன் தராசுக்கு வந்தாள். ஒரு கரண்டி முந்திரியைப் பையில் போட்டு எடை பார்த்தாள், சீட்டு ஒட்டினாள், எல்லோரையும் போல பில் கவுண்டர் வரிசையில் நின்று காசு கொடுத்தாள். கவுண்டர் பெண் என்னக்கா விசேஷம் என்று கேட்டாள். பசி என்றாள்.

திரும்பி வந்து, கடைக்கு நடுவில், தொட்டிகளுக்கு முன்னால் நின்று, பையைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டாள். பதினான்கு வருஷத்தில் முதல் முந்திரி. மெதுவாக மென்றாள். சிக்கு வாடை அடித்தது. தொட்டியில் ரொம்ப நாள் கிடந்த சரக்கு. இன்னொன்றைப் போட்டுப் பார்த்தாள், அதுவும் அப்படித்தான். இந்தச் சிக்குப் பிடித்த முந்திரிக்காகவா என்று அவளுக்கு மறுபடியும் ஆத்திரம் பொங்கியது. வாங்கியதை வீணாக்க மனமில்லை. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவள் அங்கேயே நின்று பை காலியாகும்வரை தின்றாள்.